எண்ணெய் தேய்க்காத தீபாவளி

அம்மாவுக்குக் கதிர் சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து எங்கள் தெருவில் தினமும் தீபாவளி.

இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. தெருவில் ஒரு தீபாவளிக் கமிட்டி இருக்கிறது. கமிட்டியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நோட்டில் தெருவில் உள்ள அறுபத்துமூன்று பேரின் பெயரும் இருக்கிறது. ஒரே நாளில் அறுபத்துமூன்று பேரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தால்தான் தீபாவளி முடியும். அறுபத்திரண்டு பேர் குளித்தார்கள். அம்மா குளிக்கவில்லை. அதனால் மறுநாளும் தீபாவளி வந்தது. எல்லாரும் முதலிலிருந்து குளித்தார்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று 'குளித்தாயிற்று'. இன்னொன்று 'துட்டி'. சாவு நடந்த வீட்டுக்கு அந்த வருடம் தீபாவளி கிடையாது. அவர்களுக்கு அந்தக் கட்டம். வேறு கட்டம் இல்லை.

கமிட்டிச் செயலாளர் மூக்காண்டி மாமா காலை ஏழு மணிக்கு நோட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"கங்கா ஸ்நானம் ஆச்சா அக்கா?"

"ஆகலை மூக்காண்டி."

"எப்ப ஆகும்?"

"ஆஸ்பத்திரியில சொல்லும்போது ஆகும்."

"அதை எந்தக் கட்டத்துல எழுத?"

"ஒன் நெத்தியில எழுது."

மாமா நெற்றியைத் தடவிப் பார்த்தார். விபூதி இருந்ததால் இடம் இல்லை. போய்விட்டார்.

அப்பா வீட்டில் இல்லை. அவர் ஏழு வருடமாக ஒரே லாரியில் வடக்கே போய்க்கொண்டிருக்கிறார். அதனால் அம்மாவுடன் ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன்.

முதல் நாள் அம்மாவின் இடது மார்பைச் சுற்றி ஊதா மையால் கோடு போட்டார்கள். தழும்புக்கு மேலே ஒன்று. கீழே ஒன்று. அக்குள் பக்கம் ஒன்று. நடுவில் ஒரு கூட்டல் குறி. கோடு போட்டவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தேன். அவர் ஸ்கேல் வைக்கவில்லை. கோடு நேராக இருந்தது.

பிறகு வகுப்பு. வகுப்பு மாடிப்படிக்குக் கீழே நடந்தது. நோயாளிகளுக்கு முன் பெஞ்சு. கூட வந்தவர்களுக்குப் பின் பெஞ்சு. பாடம் நடத்தியது ஹெப்சிபா சிஸ்டர். மேலே படி இருந்ததால் அவர் குனிந்தபடியே நடத்தினார்.

"கோடு அழியக் கூடாது. மிஷினுக்கு ஒங்க பேரு தெரியாது. மொகம் தெரியாது. கோடுதான் தெரியும். மங்குச்சுன்னா எங்ககிட்ட வாங்க. நீங்களே பேனாவ எடுத்துப் போட்டுக்கிடக் கூடாது. அந்த எடத்துல எண்ணெய் கூடாது, மஞ்சள் கூடாது, சந்தனம் கூடாது, பவுடர் கூடாது, சோப்பு கூடாது."

"வெந்நி?" என்று ஒரு பெண் கேட்டார்.

"வெதுவெதுன்னு. அதுக்கு மேல கூடாது. தேய்க்காதீங்க. துண்டால ஒத்தி எடுங்க. தொளதொளன்னு பருத்தித் துணி போடுங்க. வெயில் படக் கூடாது. தண்ணி நெறைய குடிங்க. முட்டை, பருப்பு சாப்பிடுங்க. அலுப்பா இருந்தா படுங்க. ஒரு நாளும் வராம இருக்காதீங்க."

"புள்ளைகளத் தொடலாமா சிஸ்டர்?"

"தொடலாம். தூக்கலாம். கட்டிப் பிடிக்கலாம். கதிரு மிஷினோட நின்னுரும். ஒங்ககூட பஸ்ஸுல வராது."

எல்லாவற்றையும் அச்சடித்த ஒரு மஞ்சள் தாளை ஆளுக்கொன்று கொடுத்தார். பிறகு கூட வந்தவர்களுக்கு ஆஜர் எடுத்தார்.

"பேச்சியம்மாள்."

நான் "உள்ளேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"பேச்சியம்மாள் வரலையா?"

"இந்தா இருக்காளே" என்றாள் அம்மா.

"அவங்கதான் சொல்லணும்."

சிஸ்டர் 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு இது புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பில் நூற்றுப் பன்னிரண்டு நாள் தொடர்ந்து பள்ளிக்கூடம் போனேன். நூற்றுப் பன்னிரண்டு நாளும் வரவில்லை என்று எழுதினார்கள். பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். பெயரை எடுத்த பிறகும் ஒரு வாரம் போனேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மிஷின் அறைக்கு முன்னால் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு கோவில்பட்டிக்காரர். அவருக்கு வயிற்றில் கோடு. காலையில் அவர் மனைவி கோவில் சந்தனத்தை அந்த இடத்தில் பூசி, குளிர்ந்த பிறகு ஈரத் துணியால் துடைத்துவிட்டிருந்தார். நல்லது நடக்கட்டும் என்று செய்தது.

அவர் உள்ளே போய்ப் படுத்தார். மிஷின் அவரைச் சுற்றி வந்தது. அவரைக் காணவில்லை. ஓரத்தில் இருந்த ஸ்டூலைக் கொஞ்ச நேரம் பார்த்தது. நின்றுவிட்டது. அவரை மறுபடியும் முதல் நாளுக்கு அனுப்பினார்கள். முதல் நாள், வராந்தாவின் தொடக்கத்தில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. திரும்பி வரும்போது அவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் சந்தனம் இல்லை.

அம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"நம்மள மொத நாளுக்கு அனுப்பலாம். கட்டிய அனுப்ப முடியாதுல்லா" என்றாள்.

அம்மாவுக்கு இருபத்தைந்து நாள் எழுதியிருந்தார்கள். இருபத்தைந்து நாளும் கோடு இருக்க வேண்டும். நான் மஞ்சள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பிரமு அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். எண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியிருந்தாள். வாசனை வீடு முழுக்க வந்தது.

"ஒரு சொட்டு மதினி. உச்சந்தலையில மட்டும். தீபாவளியும் முடியும், சூடும் எறங்கும்."

நான் மஞ்சள் தாளை நீட்டினேன். அத்தை அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

"எண்ணெய் கூடாதுன்னு போட்டிருக்கு. நல்லெண்ணெய் கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

"நல்லெண்ணெய் எண்ணெய் இல்லாம என்ன மோரா?" என்றாள் அம்மா.

"நல்லெண்ணெய்ங்கிறது மருந்துல்லா."

"தலையில வச்சா கழுத்துக்கு வரும். கழுத்துல இருந்து கோட்டுக்கு வரும்."

"வராம நான் புடிச்சுக்கிடுதேன். ஏட்டி பேச்சி, நீ சொல்லேன் ஒங்கம்மைக்கு. பேரு பேச்சி, பேச்சத்தான் காணோம்."

கதவுக்கு நடுவில் நின்றேன். அத்தை என்னைச் சுற்றிப் போகப் பார்த்தாள். கதவு அவ்வளவு அகலம் இல்லை.

அத்தை நல்லவள். அம்மாவுக்கு அறுவை நடந்தபோது பன்னிரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்தவள். அதனால் அவள் தினமும் வந்தாள். தினமும் அம்மாவுக்காக வெந்நீர் போட்டாள். ஒன்பதாம் நாள் காலையில் அவளே வெந்நீர்த் தவலையாகிவிட்டாள். நல்ல கனமான செம்புத் தவலை. எங்கள் வாசலில் மூன்று கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. அவள் வீட்டுக்காரர் அடியில் சுள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"அடியில சுடலையா மதினி?" என்று அம்மா கேட்டாள்.

அத்தை மூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"நல்ல காரியத்துக்குத்தான" என்றாள். ஆவி வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தா ஒவ்வொரு நாளும் ஒரு கதவு அளவுக்கு நீண்டது. பத்தாம் நாள் நடுவில் ஒரு டீக்கடை வந்தது. பதினைந்தாம் நாள் ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. அம்மாவுக்கு அலுப்பு அதிகமாக இருந்ததால் நாங்கள் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் "மிஷின் ரூம், மிஷின் ரூம்" என்று கூவினார். குடிதண்ணீர்க் குழாய் நிறுத்தத்தில் கோவில்பட்டிக்காரரும் அவர் மனைவியும் ஏறினார்கள். அவருக்கு அது இரண்டாவது நாள்.

நான் தினமும் "உள்ளேன்" என்றேன். சிஸ்டர் தினமும் 'வரவில்லை' என்று எழுதினார். கொஞ்ச நாளில் அது மற்றவர்களுக்கும் தெரிய ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் ஒரு டீதான் ஆற்றினார்.

"ரெண்டு" என்றாள் அம்மா.

"இன்னொண்ணு ஆருக்கு?"

"என் மகளுக்கு."

அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார். இரண்டாவது டீயை ஆளில்லாத இடத்தில் வைக்கிற மாதிரி வைத்தார். சூடாகத்தான் இருந்தது.

தெருவில் நிலைமை மோசமானது. பதினோராம் தீபாவளியோடு பலகாரம் தின்பதை நிறுத்திவிட்டார்கள். அதிரசத்தைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்கள். வெடிச்சரத்தைப் பற்றவைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் வந்து காகிதத்தைக் கூட்டினார்கள். புதுச்சட்டை பழைய சட்டையாகிவிட்டது. ஆனாலும் காலரில் மஞ்சள் தடவிப் போட்டுக்கொண்டார்கள். தினமும் எண்ணெய் தேய்த்ததால் அறுபத்திரண்டு பேரும் வழுக்கிக்கொண்டு நடந்தார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. எங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக வழுக்கினார்கள்.

"ஒரே ஒரு ஆளு" என்று மூக்காண்டி மாமா தினமும் வாசலில் நின்று நோட்டிடம் சொன்னார்.

பதினேழாம் நாள் அம்மாவின் தோல் கறுத்தது.

"தணல்ல வாட்டின கத்திரிக்காய் மாதிரி இருக்குட்டி" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு அரிப்பு வந்தது. சொறியக் கூடாது. நான் அவள் பத்து விரலிலும் நகத்தை வெட்டினேன். மஞ்சள் தாளை விரித்து விசிறினேன். விசிறிக்கொண்டே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கண் திறந்தபோது பாயில் அம்மா இல்லை.

அம்மா வாசலில் இருந்தாள். தவலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கை எண்ணெய்க் கிண்ணத்துக்குள் இருந்தது. தெருவில் எல்லாரும் அவரவர் வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூக்காண்டி மாமா பேனா மூடியைக் கழற்றியிருந்தார்.

"ஒரு சொட்டுட்டி. எனக்கு அரிப்பு நிக்கும். இவங்களுக்குத் தீபாவளி முடியும். எல்லாரும் அவங்கவங்க சோலியப் பாப்பாங்க. எத்தன பேருக்கு நான் பாரமா இருக்க?" என்றாள் அம்மா.

"அப்படிச் சொல்லுங்க மதினி" என்று தவலை சொன்னது.

அம்மா கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் எண்ணெய் மின்னியது. கை மார்பை நோக்கிப் போனது.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அம்மாவின் கையை அவள் விருப்பத்துக்கு எதிராக நான் அதுவரை பிடித்ததில்லை. மெலிந்திருந்தது. ஆனாலும் பலமாக இழுத்தாள். நானும் இழுத்தேன்.

"வேண்டாம்."

"யாரு பேசுனது?" என்று அத்தை மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். கையைத் தளரவிட்டாள். நான் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையைத் துடைத்தேன். பிறகு ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். விரல் இடுக்கிலும் துடைத்தேன். மாமா பேனாவை மூடினார். தெரு மொத்தமும் மூச்சை விட்டது. அந்தக் காற்றில் இரண்டு வீட்டு அகல்விளக்கு அணைந்தது.

மறுநாள் அம்மா சிஸ்டரிடம் தோலைக் காட்டினாள்.

"இதைச் சொல்லாம ஏன் வச்சிருந்தீங்க? சொல்றதுக்குத்தான நாங்க இருக்கோம்" என்று சிஸ்டர் திட்டினார். டாக்டர் வந்து பார்த்தார். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மிஷினுக்குப் போய்வந்த பிறகு மெல்லிசாகத் தடவச் சொன்னார். தடவினேன். அன்றைக்கு அம்மா தூங்கினாள். கோடு அப்படியே இருந்தது.

இருபத்தைந்தாம் நாள் வந்தது. மிஷின் அம்மாவைப் பார்த்த உடனே கண்டுகொண்டது. சுற்றி வந்தது. தன் வேலையைச் செய்தது. நின்றது. அம்மா எழுந்து, "வாரேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, "வரல" என்று திருத்திக்கொண்டாள்.

கடைசி வகுப்பு. படி இன்னும் கீழே இறங்கியிருந்தது. சிஸ்டர் முட்டி போட்டு நடத்தினார்.

"மிஷின் நின்னாலும் தோலு நிக்காது. இனிமேத்தான் ரெண்டு வாரம் கூடுதலா எரியும். அதனால மூணு வாரத்துக்கு இதே விதிதான். அப்புறம் டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க. அதுவரைக்கும் எண்ணெய் கெடையாது. கூட இருக்கிறவங்கதான் பாத்துக்கிடணும். பேச்சியம்மாள்."

"உள்ளேன்."

"பேச்சியம்மாள் இன்னைக்கும் வரல." சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "கூட இருக்க ஆளே இல்லாம ஒங்கள எப்படி அனுப்ப? வேற ஆளப் போட வேண்டியதுதான். பிரமுன்னு ஒரு அம்மா மனு கொடுத்திருக்காங்க. ஈரமா இருக்கு. ஆனா நல்லா எழுதியிருக்காங்க."

"அவ எண்ணெய் தேச்சிருவா" என்றாள் அம்மா.

"இன்னைக்குப் பொழுதடையிற வரைக்கும் பாக்கேன். எங்க இருந்து சொன்னாலும் சரி. எனக்குக் கேக்கணும்."

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். தெரு முழுக்க எங்கள் வாசலில் நின்றது. மணை போட்டிருந்தார்கள். மணைக்கு முன்னால் கோலம். பக்கத்தில் எண்ணெய், சீயக்காய், புதுப்புடவை. பிரமு அத்தை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தஞ்சு முடிஞ்சிட்டுல்லா. வாங்க அக்கா, உக்காருங்க" என்றார் மூக்காண்டி மாமா.

"இன்னும் மூணு வாரம் ஆகுமாம்."

ஒரு வீட்டில் அதிரசம் கதவோடு சேர்ந்து நகர்ந்தது.

"மூணு வாரம் தாங்காது அக்கா. இன்னைக்கு நோட்ட மூடணும். குளிச்சா இந்தக் கட்டம். இல்லன்னா" - மாமா தொண்டையைச் செருமினார் - "இல்லன்னா அந்தக் கட்டம். நான் எழுதிக்கிடுதேன். பேருக்குத்தான். துட்டின்னு எழுதினா நாளைக்குத் தீபாவளி வராது. எல்லாருக்கும் நிம்மதி."

"நான் இங்கதான நிக்கேன் மூக்காண்டி."

"அதுக்குக் கட்டம் இல்லையே அக்கா."

அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கியிருந்தது. பேனாவை 'துட்டி' என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனார். முனை காகிதத்தைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அம்மாவின் முகம் வெளுத்தது. உட்கார இடம் தேடினாள். மணைதான் இருந்தது.

நான் மாமாவின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன்.

ஸ்கேல் இல்லை. தேவைப்படவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் பக்கத்தில், தாளின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரைக்கும், அறுபத்துமூன்று பெயருக்கும் எதிரே ஒரு கோடு போட்டேன். நேராக இருந்தது. தலைப்பில் 'இருக்காங்க' என்று எழுதினேன். அம்மாவின் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டேன்.

"ஏட்டி! நோட்டுல யாரக் கேட்டுக் கோடு போட்ட?"

"யாரையும் கேக்கல."

இந்தத் தடவை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது. நிறுத்தவில்லை.

"எங்கம்மைக்கு எண்ணெய் கெடையாது. வெந்நி கெடையாது. மூணு வாரம் கெடையாது. டாக்டர் சொல்லலைன்னா அதுக்கு அப்புறமும் கெடையாது. தீபாவளி வந்தா வரட்டும். தெனமும் வரட்டும். கோட்டத் தொட்டா கைய ஒடிப்பேன். எங்கம்ம இருக்கா. நானும் இருக்கேன்."

எங்கோ வெகு தூரத்தில், ஒரு நீண்ட வராந்தாவின் மறுகோடியில், யாரோ பேனாவால் டிக் போடுகிற சத்தம் கேட்டது.

அத்தையின் வீட்டுக்காரர் குனிந்து சுள்ளியை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். அத்தை மெல்ல அடங்கினாள்.

"தொண்டையப் பாரேன் இவளுக்கு" என்றாள் மூடிக்குள்ளிருந்து. "இத்தன நாளும் எங்கட்டி வச்சிருந்த?"

மறுநாளும் தீபாவளி. காலை ஏழு மணிக்கு மூக்காண்டி மாமா நோட்டோடு வந்தார். அம்மாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"கங்கா ஸ்நானம் ஆச்சா?"

"ஆகலை."

புதுக் கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். அங்கேயும் கேட்டார்.

"ஆகலை. அந்தப் புதுக் கட்டத்துல போடுங்க" என்றார்கள்.

அதற்கு அடுத்த வீட்டிலும் ஆகவில்லை.

அம்மா தொளதொளத்த பருத்திச் சட்டையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கழுத்தோரம் ஊதாக் கோடு தெரிந்தது. ஒரு செம்பு தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

"ஆகலைன்னு சத்தமாச் சொல்லுட்டி. தெருக்கோடிக்குக் கேக்கல" என்றாள்.

நான் இன்னொரு தடவை சொன்னேன்.